இரண்டாம் கற்பூரம்

எங்கள் மாடி வீட்டு ஜெபசுதா விரலைச் சொடுக்கினால் போதும், தூத்துக்குடித் துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் வரிசையாக எழுந்து நின்று வணக்கம் வைக்கும். சரி, சரி. கிரேன்கள் இல்லை. வணக்கமும் இல்லை. முத்தையாபுரத்தைத் தாண்டி, துறைமுகச் சாலையில் இருக்கும் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டின் எடைமேடையும் வாசல் கேட்டும்தான். அவை எழுந்ததையும் எழாததையும் நான் என் கண்ணால் பார்த்தேன். பிளாரன்ஸ் டீச்சர் சொல்வதில் கால்வாசியைத் தள்ளிவிட வேண்டும் என்பது என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற விஷயம். இந்தக் கதைக்கு அரைக்கால்வாசி தள்ளினால் போதும்.

ஜெபசுதாவுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். அப்பாவுக்குச் சைக்கிள் கடை. கடையில் உட்கார்ந்து செயினைக் கழற்றி மாட்டியே வளர்ந்தவள், கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். புருஷன் பெனிஸ்டன் மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்க்கிறவன். அவன் கடலில் இருக்கும் நாள்தான் அதிகம். ஷெர்லின் என்று ஒரு மகள், இரண்டாம் வகுப்பு. மூன்று பேருமாக எங்கள் மாடிக்குக் குடி வந்த முதல் வாரமே அவள் என்னோடு சண்டைக்கு வந்தாள்.

“டீச்சர், நீங்க மோட்டாரைப் போட்டுட்டு அதுக்கப்புறம்லா வால்வைத் தொறக்கீங்க? வால்வு முதல்ல. மோட்டார் ரெண்டாவது.”

“ஏளா, நான் இருவது வருசமா இப்படித்தான் போடுதேன்.”

“அதான் இருவது வருசமா பைப்பு ஒழுகுது.”

எனக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப் போய்விட்டது. வாடகைக்கு வந்தவள் வீட்டுக்காரியைப் பார்த்து இப்படிக் கேட்க ஒரு தைரியம் வேண்டும் அல்லவா?

அவள் வேலை செய்யும் யார்டுக்குச் சொந்தக்காரர் சங்கரபாண்டியன். எல்லாருக்கும் அண்ணாச்சி, எனக்கு மட்டும் பழைய ஒன்பதாம் வகுப்பு ‘சி’ பிரிவு. அந்த மரியாதையில் ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு எனக்குக் கார் அனுப்புவார், திரும்பி வர பஸ்தான். நான் ஞாயிறு பூசை தவறாதவள்தான். ஆனாலும் பொரியும் கடலையும் சுண்டலும் வாழைப்பழமும் ஒரு தட்டில் வரும்போது வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் இன்னும் பரிசுத்தமாகவில்லை.

அந்த யார்டில் ஆயுத பூஜை என்றால் சாமானியம் இல்லை. கன்டெய்னர் தூக்கும் பெரிய வண்டிகளுக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டுவார்கள். லாரிகளின் மூக்கில் சந்தனம். உப்பளக் காற்றில் பறக்கும் கலர் காகிதம். எல்லாவற்றையும் விட முக்கியம், பூஜை நேரத்தில் யார்டில் ஒரு இயந்திரமும் ஓடக்கூடாது. கம்ப்யூட்டர் உட்பட. உழைத்ததெல்லாம் கண்ணை மூடி ஓய்வெடுக்கும். வருடம் முழுக்க இரவு பகலாக ஓடும் யார்டு, முழுதாக அணைந்து முழுதாக எழுவது அந்த ஒரு நாள்தான்.

எழுப்புவதற்கும் ஒரு வரிசை உண்டு. மரியாதை வரிசை. அண்ணாச்சியின் அப்பா முதன்முதலில் வெறும் பொட்டலில் ஒரு எடைமேடையைப் போட்டுத்தான் தொழிலைத் தொடங்கினார். அதனால் கற்பூரம் காட்டியதும் முதலில் எடைமேடையின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட். அடுத்து கேட். அதற்கடுத்து அலுவலகம். கடைசியாக, ஏசி அறைக்குள் கிடக்கும் கறுப்புப் பெட்டி. நேற்று வந்தது, யாருக்கும் அது முகம் காட்டியதில்லை, அதற்கு என்ன அவசரம்?

அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் எல்லாத் தகவலும் இருந்தது. எந்த லாரி, எந்தக் கன்டெய்னர், யாருடைய சரக்கு, எல்லாம். எடைமேடை விழித்ததும் அந்தப் பெட்டியைத்தான் தேடும். பெட்டி இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். எடைமேடை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, போங்கடா என்று படுத்துவிடும். உடனே எடைமேடை பார்க்கும் சொரிமுத்து, ஆள் ஆறடி, நெற்றி நிறைய விபூதி, “சாமிக்கு மனசு குளிரல, மறு கற்பூரம் காட்டணும்” என்பார். எடைமேடையையும் கேட்டையும் அணைத்து, இரண்டாவது கற்பூரத்தை ஏற்றி, மறுபடி போடுவார்கள். அதற்குள் கறுப்புப் பெட்டி முழுதாக விழித்திருக்கும். எடைமேடை சிவப்பு எழுத்தில் பளிச்சென்று எரியும். எல்லாரும் கைதட்டுவார்கள். ஆண்டுக்கணக்காக இதுதான் நடந்தது. இரண்டாம் கற்பூரத்துக்கு அந்த யார்டில் அவ்வளவு மகிமை. அதற்கென்று தனியாக ஒரு தட்டே வாங்கி வைத்திருந்தார்கள்!

இந்த ரகசியத்தை முதல் தடவை பார்த்த உடனேயே கண்டுபிடித்தது ஜெபசுதா. போன வருடம், அவள் அங்கே சேர்ந்து முதல் பூஜை. பூஜை முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் என் காதுக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்து, “மேடம், பஸ்ஸு ஸ்பிக் நகர் போகுது. சிரிப்பு எங்க போகுது?” என்று கேட்டான்.

“அப்போ அந்தப் பெட்டியை முதல்ல போட்டா சரியாப் போச்சு. இதுக்கு எதுக்குளா ஒரு படிப்பு?” என்றேன்.

“போட்டா மட்டும் பத்தாது டீச்சர். அடுப்புல அரிசி ஏத்தியாச்சுன்னா சோறு ஆயிட்டா? அந்தப் பெட்டியிலயும் மத்ததுலயும் நிறைய சர்வீஸ் இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்காரன்னு வைங்க. ஒருத்தன் நேரம் சொல்லுதவன். ஒருத்தன் டிஸ்க்கைத் தொறந்து விடுதவன். ஒருத்தன் டேட்டாபேஸ், எல்லாத் தகவலையும் வச்சிருக்கவன். ஒருத்தன் எடை, ஒருத்தன் கேட். யாரு யாருக்காகக் காத்திருக்கணும்னு ஒவ்வொருத்தன் கிட்டயும் எழுதிக் கொடுத்துரணும். டேட்டாபேஸ் ‘நான் எந்திச்சிட்டேன்’னு சொன்னா நம்பக்கூடாது. ‘நான் ரெடி, கேள்வி கேக்கலாம்’னு சொன்ன பிறகுதான் எடை கிளம்பணும்.”

“இப்ப அப்படி எழுதலியா?”

“சென்னைக்காரங்க சும்மா கொஞ்ச நேரம் பொறுன்னு மட்டும் போட்டு வச்சிருக்காங்க. டேட்டாபேஸ் சின்னப் பிள்ளையா இருக்கும்போது போட்டது. இப்ப அது வளந்து குமரியாயிட்டு. எந்திச்சு தலை சீவி வாரதுக்குள்ள எடை போயி கதவைத் தட்டிருது.”

சென்னைக்காரர்கள் என்றால் யார்டின் கம்ப்யூட்டர் வேலைகளை ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு கம்பெனி. ஜெபசுதாவையும் அவர்கள் மூலமாகத்தான் எடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய வேலை நீளுமா நீளாதா என்று ஒரு தகவல் வரும். அந்த வாரம் முழுக்க மாடியில் பாத்திரம் விழும் சத்தம் கூடுதலாகக் கேட்கும். தோணி போகாத காற்றுக் காலங்களில் பெனிஸ்டன் வீட்டில்தான் இருப்பான். அப்போது அந்த வீடே அவள் வேலையில்தான் நிற்கும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட, யார்டின் நேரடி நிரந்தர வேலை.

இந்த வருடம் அவள் அதைக் கேட்டே விட்டாள். அதுவும் எப்படி? சிதறிக் கிடந்த எல்லாவற்றையும் ஒரே புதுப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொரு சர்வீசுக்கும் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அண்ணாச்சியின் அறைக்கு நேராகப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

“அண்ணாச்சி, இந்த வருசம் ஒரே கற்பூரந்தான். மெயின் சுவிட்சைப் போட்டுட்டு நீங்க சுண்டல் சாப்பிடலாம். எல்லாம் தன்னால வரும். வந்துட்டா எனக்கு நிரந்தர ஆர்டர் வேணும்.”

“வரலேன்னா?”

“வரும்.”

“ஏளா, வரலேன்னான்னு கேட்டேன். சென்னைக்காரன் மொத்தத்தையும் அங்கன இருந்தே பாத்துக்கிடுதேங்கான். இங்கன ஒரு ஆளே வேண்டாங்கான். ஒரே கற்பூரத்துல வந்துட்டுன்னா உனக்கு நிரந்தர ஆர்டர். வரலேன்னா அவன் கிட்டயே கொடுத்துருவேன். சம்மதமா?”

அவள் சம்மதம் என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சே விட்டாளாம்.

பூஜையன்று மத்தியானம் நான் போய் இறங்கினபோது யார்டே துள்ளிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு கப்பலுக்குச் சரக்கு எடுக்கும் கடைசி நாள். சாயங்காலத்துக்குள் துறைமுகக் கேட்டைத் தாண்டாத கன்டெய்னர் அந்தக் கப்பலில் ஏறாது. வரிசையில் முதல் லாரி ரெக்சனுடையது. குளிர் கன்டெய்னர், உள்ளே முழுக்க உறைய வைத்த கணவாய். ரெக்சன் கீழே இறங்கி, சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, “பூசை சீக்கிரம் முடியட்டும் சொரிமுத்தண்ணே, என் கணவாய்க்கு வேர்க்குது” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

“உன் கணவாய் ஏசியில படுத்திருக்குலே. எனக்குத்தான் வேர்க்குது” என்றார் சொரிமுத்து.

ஏசி அறைக்குள் ஒரு யுத்தம். புதுப் பெட்டிக்குக் குங்குமம் வைக்கச் சொரிமுத்துவின் கை உள்ளே வருகிறது, ஜெபசுதா அதைத் தட்டி விடுகிறாள்.

“அண்ணே, ஓட்டையில வைக்காதீங்க! நெத்தியில வைங்க, நெத்தியில!”

“இதுக்கு நெத்தி எங்கம்மா இருக்கு?”

“மேல. மேல. அங்கன. வயருக்கு வேண்டாம்!”

பெட்டியை முறைப்படி தூங்க வைத்துவிட்டு வெளியே வந்தாள். எல்லாம் அணைந்தது. யார்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன் ஒன்று முனகுவது மட்டும் காற்றில் வந்தது. சொரிமுத்து கற்பூரம் ஏற்றினார். மணி அடித்தது. பூசணிக்காய் சிதறியது. நான் என் பங்குக்கு மாதாவே காப்பாத்து என்று சிலுவை போட்டுக்கொண்டேன். அண்ணாச்சி மெயின் சுவிட்சை ஏற்றினார்.

நான் ஜெபசுதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் கட்டி. ஏசி அறையில் பெட்டி உறுமியது, மேலே வெளிச்சங்கள் ஓடின. எடைமேடையின் போர்டில் முதலில் வெறும் கோடு, கோடு, கோடு. காத்திருக்கிறது! டேட்டாபேஸ் தலை சீவிக்கொண்டிருக்கிறது! கற்பூரம் பாதி எரிந்தது. சொரிமுத்துவின் பார்வை தானாக இரண்டாம் தட்டின் பக்கம் போனது.

பளிச்! சிவப்பில் சைபர் விழுந்தது. எடைமேடை எழுந்துவிட்டது! முதல் கற்பூரத்திலேயே!

அடேயப்பா, அந்த ஆரவாரம்! கடலில் மீனெல்லாம் கரைக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கும். ரெக்சன் லாரியை ஏற்றினான். எடை ஓடி வந்து நின்றது. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்து, “டீச்சர், உங்க மாடி வீட்டுப் பிள்ளை ஜெயிச்சிட்டா” என்றார். ஜெபசுதா குதித்த குதியில் அவளுடைய ஒரு செருப்பு தனியாகப் போய் விழுந்தது.

ரெக்சன் லாரியை உருட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனான். கேட்டின் குறுக்குக் கம்பி தூக்கவில்லை. ஹாரன் அடித்தான். தூக்கவில்லை. இன்னொரு ஹாரன். பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. கம்பி படுத்த படுக்கை. கேட்டுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி.

“ஏளா, என்னது?” என்றார் அண்ணாச்சி. ஜெயிச்சிட்டா என்று சொன்ன அதே வாய்.

ஜெபசுதா ஒற்றைச் செருப்போடு ஏசி அறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்பதில் கால்வாசி தள்ளிக்கொள்ளலாம். அவள் திரையில் எதையோ மேலே மேலே தள்ளி வாசித்தாள். திடீரென்று இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“டீச்சர், வட்டம் போட்டுட்டேன்!”

“என்ன வட்டம்?”

“எடைக்கு எழுதும்போது சொரிமுத்தண்ணன் கிட்ட கேட்டேன். லாரி உள்ள வரும்போது கேட்ல நம்பர் போட்ட பிறகுதான் எடைன்னாரு. சரின்னு, எடையே நீ கேட்டுக்காகக் காத்திருன்னு எழுதினேன். கேட்டுக்கு எழுதும்போது ரெக்சன் கிட்ட கேட்டேன். வெளியே போம்போது எடை போட்ட பிறகுதான் கேட்டுன்னான். சரின்னு, கேட்டே நீ எடைக்காகக் காத்திருன்னு எழுதினேன். இது அதுக்காக, அது இதுக்காக. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே நிக்கும்லா? பெட்டி பாத்துது, இது ஆகாத வேலைன்னு ஒருத்தனைக் கழட்டி விட்டுட்டு. கேட்டைக் கழட்டி விட்டுட்டு!”

“நீ ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தேன்னுதானே சொன்ன?”

“ஒவ்வொண்ணா பாத்தா தெரியாது டீச்சர். ஒண்ணு ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கும், இன்னொண்ணு பேசாம வந்துரும். எல்லாம் ஒண்ணாத் தூங்கி ஒண்ணா எந்திரிச்சாத்தான் தெரியும். அப்படி எந்திரிக்கது வருசத்துக்கு இன்னைக்கு ஒரு நாள்தானே! லாரி போற வழியும் சர்வீஸ் எந்திரிக்க வழியும் வேற வேற. அது எனக்கு உறைக்கல. லாரி வந்து நிக்கும்போது கேட்டு எடையைக் கேட்டா போதும். எந்திரிக்கதுக்கு எடை எதுக்கு?”

வெளியே ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அவளுடைய விரல் விசைப்பலகை மேலேயே நின்றது. எனக்குக் கூடப் புரிந்தது. ஒரு வரி அடித்தால் கேட் அந்த நிமிடமே எழுந்துவிடும். எடைதான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே! ஏதோ வயர் லூசு என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போகலாம். கற்பூரம் இன்னும் முழுசாக அணையக்கூட இல்லை. நிரந்தர ஆர்டர் கைக்கு வந்துவிடும். உண்மையைச் சொல்கிறேன், “அடிளா, அடிச்சிட்டு வாயை மூடிக்கோ” என்று அவளிடம் சொன்னவள் நான்தான். ஆசிரியையாக இருந்தால் என்ன, எனக்கும் ஒரு வாடகை வீட்டுப் பிள்ளை மேல் பாசம் இருக்காதா?

அவள் அடித்தாள். கேட் கம்பி சடாரென்று மேலே போனது. ரெக்சன் ஊளையிட்டுக்கொண்டே துறைமுகச் சாலைக்குப் பாய்ந்தான். அவன் பின்னால் லாரி, லாரி, லாரி. எடை, கேட், எடை, கேட். சொரிமுத்து பொரியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டே எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வரிசை கரைந்தே போனது.

ஜெபசுதா வெளியே வந்தாள். நேரே அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, கேட்டு தன்னால வரல. நான் கையால எழுப்பி விட்டேன். தப்பு என்னோடது. வட்டமா எழுதிட்டேன்.”

நான் அவளை முழங்கையால் இடித்தேன். அவள் அசையவில்லை.

“அப்போ பந்தயம்?” என்றார் அண்ணாச்சி.

“தோத்துட்டேன்.” உடனே மேலே சொன்னாள். “ஆனா அந்த ஒரு வரியை இப்பவே எடுத்துட்டேன். சரியா வருதான்னு பாக்கணும். இன்னைக்கு விட்டா அடுத்த வருசந்தான். இன்னும் ஒரே ஒரு தடவை எல்லாத்தையும் அணைச்சுப் போடணும் அண்ணாச்சி.”

“பூசை முடிஞ்ச பிறகு எரியுத விளக்கை அணைக்கவா? நல்லாருக்கே!”

“லாரி ஒண்ணும் வரிசையில இல்ல. இப்ப விட்டா வேற நேரம் கிடையாது.”

“முடியாதுன்னா முடியாது. எங்கய்யா காலத்துல இருந்து அப்படி ஒரு வழக்கம் இல்ல.”

அப்போதுதான் சொரிமுத்து தொண்டையைச் செருமினார். கையில் இரண்டாம் தட்டு. கற்பூரம் வைத்துத் தயாராக. பாவம், மனுஷன் பழக்க தோஷத்தில் அதை எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

“அண்ணாச்சி, வழக்கம் இருக்குல்லா. மறு கற்பூரம்.”

அண்ணாச்சி தட்டைப் பார்த்தார். ஜெபசுதா தட்டைப் பார்த்தாள். எந்த இரண்டாம் கற்பூரத்தை ஒழிக்க வேண்டும் என்று ஒரு வருடம் உழைத்தாளோ, அதே கற்பூரம்! எனக்கு வந்த சிரிப்பை அடக்க வாழைப்பழத்தை முழுசாக வாய்க்குள் தள்ள வேண்டியதாயிற்று.

“மறு கற்பூரத்துக்கு எடைமேடையும் கேட்டும் மட்டுந்தானே அணைப்போம்?” என்றார் அண்ணாச்சி, பிடியை விடாமல்.

“இப்ப எல்லாரும் ஒரே வீட்டுலல்லா குடியிருக்காவ” என்றாள் ஜெபசுதா. “ஒருத்தரை எழுப்பணும்னா வீட்டையே எழுப்பணும்.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்க என்ன சொல்லுதீங்க?”

வாயில் பழம். தலையை மட்டும் ஆட்டினேன், யானை ஆட்டுவது போல.

மறுபடியும் எல்லாம் அணைந்தது. மறுபடியும் அந்த அமைதி. சொரிமுத்து கற்பூரத்தை ஏற்றினார். ஜெபசுதா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு யார்டின் நடுவில் போய் நின்றாள், எதையும் தொடவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்படி. தனியாகப் போய் விழுந்த செருப்பைக்கூட இன்னும் தேடி எடுக்கவில்லை. அண்ணாச்சி சுவிட்சை ஏற்றினார்.

பெட்டி உறுமியது. அவள் வாய்க்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஜெபம் மாதிரி. “நேரம் வந்துட்டு... டிஸ்க்கு தொறந்துட்டு... டேட்டாபேஸ்... டேட்டாபேஸ் எந்திச்சிட்டு, ரெடி ஆகணும், ரெடி ஆகணும்...” போர்டில் கோடு, கோடு, கோடு. கற்பூரம் கொழுந்து விட்டு எரிந்தது. ஒருவரும் இமைக்கவில்லை. இந்த முறை கேட் முதலில் வந்தது. திரையில் எழுத்து வந்தது, கம்பி ஒருமுறை சோதனைக்காக மேலே போய் இறங்கியது. “கேட்டு!” என்று கத்தினார் சொரிமுத்து. இன்னும் எடை வரவில்லை. கோடு, கோடு. அப்புறம், கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே, பளிச்! சிவப்புச் சைபர்!

யாரும் தொடவில்லை. ஒரு விரல் படவில்லை. தன்னால் எழுந்தது, முழு வீடும், வரிசையாக!

அப்போது பார்த்துத் துறைமுகத்திலிருந்து ரெக்சன் போன் செய்தான். சொரிமுத்து அதை ஸ்பீக்கரில் போட்டார். “அண்ணே, கணவாய் உள்ள போயிட்டு! கேட்டைத் தாண்டியாச்சு!” யார்டே ஆடியது. நானும் ஆடினேன். எலும்பு டாக்டரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

அண்ணாச்சி மட்டும் ஆடவில்லை. ஜெபசுதாவின் முன்னால் வந்து நின்றார். அவள் கையைக் கீழே இறக்கவே மறந்து போயிருந்தாள்.

“கையை இறக்கும்மா. தோத்துட்டேன்னு யாரு கிட்ட சொன்ன?”

“உங்க கிட்டதான் அண்ணாச்சி. ரெண்டு கற்பூரம் ஆயிட்டுல்லா.”

“முதக் கற்பூரம் எப்பவும் எங்கய்யா கணக்கு. அது எடைமேடைக்கு. உன் கணக்கு இந்தத் தட்டுல இருந்து ஆரம்பம். ஒரே கற்பூரத்துல வந்துட்டா இல்லியா?” என்று சொரிமுத்துவைக் கேட்டார்.

“வந்துட்டு அண்ணாச்சி.”

“சென்னைக்காரன்னா வயரு லூசுன்னு சொல்லிட்டுப் போயிருப்பான். என்ன டீச்சர்?”

வயர் லூசு யோசனை யாருடையது என்று நான் சொல்லவில்லை. வாயில் இன்னும் பழம் இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டேன்.

உடனே, அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், அண்ணாச்சி ஆளுயர ரோஜா மாலையை எடுத்து ஜெபசுதாவின் கழுத்தில் போட்டார். சட்டைப் பையிலிருந்து நிரந்தர வேலை ஆர்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அந்த நேரம் பார்த்துக் கப்பல் மூன்று முறை சங்கு ஊதியது.

இந்த இடத்தை எழுதி முடித்து, சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சாவி வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்த ஜெபசுதா எனக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டாள்.

“டீச்சர், எனக்கு எப்ப மாலை போட்டாரு? எடைமேடை போர்டுக்குல்லா போட்டாரு. எனக்கு ஆர்டர் வந்தது அடுத்த திங்கக்கிழமை, ஆபீஸ் பையன் கொண்டாந்து மேசையில வச்சிட்டுப் போனான். பூசையன்னைக்கு நான் அழவும் இல்ல. செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன்.”